ஆஸ்பத்திரி வாசல் வரை வந்த மலைவண்டி

கேரளத்தின் தெற்கு எல்லையோரம் உள்ள நெய்யாற்றின்கரையில் பஸ் போக்குவரத்தைச் சீர்செய்வதற்காக ஓர் ஆய்வு நடந்தது. அதில் நானும் வேலை பார்த்தேன். காலையில் பாறசாலையிலிருந்து கிளம்பி ஏதாவது ஒரு வண்டியில் ஏறி, எங்கே ஏறினீர்கள், இறங்கி எங்கே போவீர்கள் என்று ஆட்களிடம் கேட்க வேண்டும். தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும், மலையாளத்தில் கேட்டால் தமிழில்.

அம்பூரி, பெருங்கடவிளை போன்ற மலைப்பக்க ஊர்களிலிருந்து வருகிறவர்களில் பலரும் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். வண்டியோ ஸ்டாண்டோடு நின்றுவிடும். அப்புறம் வெயிலில் ஏற்றம் ஏற வேண்டும். எனக்கு இது புதுச்செய்தி இல்லை. அம்பூரியில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா டயாலிசிஸுக்கு அப்படித்தான் வந்துபோனாள். வரும்போது நடந்துவிடுவாள். திரும்பும்போது கால் பின்னும்; கையில் காசிருந்தால் ஸ்டாண்டு வரை ஆட்டோ பிடிப்பாள். ஒருதடவை பாதி வழியில் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு போன் செய்தாள்.

மலைவண்டிகள் சிலவற்றை ஆஸ்பத்திரி வாசல் வரை விடலாம் என்று எங்கள் குழு சொன்னது. டிப்போ அதிகாரி மறுக்கவில்லை. ஆனால் வாசலுக்கு முந்தின வளைவில் பெரிய வண்டி திரும்பாது என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி வண்டியை ஓட்டிப் பார்ப்போம் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

அன்றைக்குப் போய்ப் பார்த்தால் வளைவு முழுக்க ஆட்டோக்கள். ஓட்டுநர்கள் இறங்கி குறுக்கே நின்றார்கள்.

"பஸ்ஸு இங்க வந்தா எங்க பொழப்பு என்னாவும்?" என்றார் மீசை நரைத்த ஒருவர்.

"உங்கள போகச் சொல்லல்ல அண்ணா. எதிர்ப்பக்கம் மாத்தி நிறுத்தினா போதும், அங்க நிழலும் உண்டு. பஸ் போகாத இடத்துக்கு எல்லாரும் உங்க வண்டியிலதானே ஏறணும்."

யாரும் அசையவில்லை.

"உங்க ஆளு ஆராவது இந்த ஆஸ்பத்திரிக்கு வாறாங்களா?" என்று கேட்டார் அவர்.

"எங்க அக்கா. அம்பூரி. டயாலிசிஸுக்கு."

"என் ஆட்டோவுல ஏறினதும் கண்ண மூடிக்கிடுவாங்களே, அவங்களா?"

ஆமாம் என்றேன். அவர் தன் ஆட்டோவை எடுத்து எதிர்ப்பக்கம் விட்டார். மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்கள். பிறகு அவரே வளைவில் நின்று, "போட்டே... போட்டே..." என்று பஸ்ஸைப் போகச் சொல்லிக் கைகாட்டினார். மதிலை உரசுவதுபோல் வந்து, உரசாமல் வண்டி திரும்பிவிட்டது.

ஆய்வில் சொன்ன எல்லாம் நடந்துவிடவில்லை. கோட்டுகால் பக்கத்து ஆட்கள் இன்னும் வண்டிக்குக் காத்துத்தான் நிற்கிறார்கள். ஆனால் மலைவண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வரத் தொடங்கியது.

அப்படி வந்த முதல் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"எலே, வீட்டுக்கு வந்தாச்சு. வாசல்லயே வண்டி நின்னுதாக்கும். இருக்க எடமும் கிட்டிச்சு. நல்லா உறங்கிட்டேன், கண்டக்டர்தான் எழுப்பி விட்டாரு."

"தலைசுத்து உண்டா?"

"கொஞ்சம் உண்டு. அது போவும். நீ வல்லதும் தின்னியா மக்கா?"

தின்னவில்லை. அக்காவுக்கு அந்த வண்டி கிடைக்குமா என்ற நினைப்பில் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. போனை வைத்துவிட்டு, முதலில் கண்ணில்பட்ட கடையில் உட்கார்ந்து சோறு கேட்டேன். மீன்குழம்பு இரண்டாம் தடவையும் வாங்கி ஊற்றிச் சாப்பிட்டேன்.