ஜமீலாத்தாவின் பத்திரி மெஷின்

சிறுபான்மையினர் சிறுதொழில் கடனுக்கு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கவுண்டருக்குக் கவுண்டர் நின்று கால் கடுத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது புரியும்.

சீல் தெளியவில்லை

ஜமீலாத்தா கொச்சங்காடியில் வீட்டிலேயே பத்திரி என்கிற மெல்லிய அரிசி ரொட்டி சுட்டு விற்பவர். பாலக்காட்டு ராவுத்தர் குடும்பம். நானும் பாலக்காடுதான், பட்டர் என்கிற தமிழ்ப் பிராமணன், அதனால் எனக்கு 'சாமி' என்று பெயர். அரிசிமாவை அப்பளக் கனத்துக்குத் தேய்த்துத் தேய்த்து அவர் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. துணி சுற்றிக்கொண்டுதான் வந்தார். நோன்பு மாதம் முழுக்க தினம் ஐந்நூறு பத்திரி வேண்டும் என்று ஒரு ஹோட்டல் கேட்டிருந்தது. அந்தக் கையை வைத்துக்கொண்டு முடியாது. மெஷின் வேண்டும், மெஷினுக்குக் கடன் வேண்டும்.

முதலில் அவர் சிறுபான்மையினர்தான் என்று நிரூபிக்க வேண்டுமாம். தலையில் முக்காட்டுத் தட்டத்தோடு நேரே நின்றவரிடம் கடன் ஆபீஸ் குமாஸ்தா ஆதாரம் கேட்டார். பள்ளிவாசல் கடிதத்தைக் கொடுத்தோம். சீல் மங்கலாக இருக்கிறது, வேறு கொண்டுவா என்றார். வெளியே வந்ததும் ஜமீலாத்தா சொன்னார்: "அஞ்சு நேரம் தொழுறது படைச்சவனுக்குத் தெரியும் சாமி. இவருக்குத்தான் சீல் தெளியணுமாம்."

போட்டியாளர் யார்?

அடுத்தது திட்ட அறிக்கை. பத்திரி சுடுவதற்குப் பதினாறு பக்கம். அதில் 'சந்தைப் போட்டியாளர்கள், அவர்களை முறியடிக்கும் உத்தி' என்று ஒரு கட்டம். யாரைப் போடலாம் என்று கேட்டேன். பக்கத்து வீட்டு ஆயிஷாவும் பத்திரி சுடுகிறாள் என்றார். எழுதிக்கொண்டேன். முறியடிக்கும் உத்தி?

"அய்யோ, அவ பாவமாக்கும் சாமி. அவளுக்கும் சேர்த்து ஒரு மெஷின் எழுதுங்களேன்."

விருந்தாளி வந்தார்

ஆய்வுக்கு அதிகாரி திருப்பூணித்துறையிலிருந்து வந்தார். ஜமீலாத்தாவுக்கோ வீட்டுக்கு விருந்தாளி வருகிற நினைப்பு. முதல் நாளே அடுப்பைக் கழுவி, பத்திரி சுடும் கல்லைக் கட்டில் அடியில் தள்ளி, மாவுப் பானைகளைப் பரணில் ஏற்றி, சமையலறையைக் கல்யாணப் பெண் மாதிரி ஆக்கிவிட்டார். அன்றைக்கு வியாபாரத்துக்கும் விடுமுறை. நான் போய்ப் பார்த்தபோது அங்கே தொழில் நடக்கிற அடையாளமே இல்லை. அதிகாரி வந்ததும் நேரே பாயில் உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, கோழிக்கறியோடு ஏழு பத்திரி சாப்பிட்டார்.

பத்திரி பிரமாதம் என்று அவரே சொன்னார். அப்பாடா, பிழைத்தோம் என்று மூச்சு விட்டேன். ஜமீலாத்தாவுக்குப் பொய் வராது. "என் அடுப்பைத்தான் கழுவி வச்சிட்டேனே சாரே, இது ஆயிஷா சுட்டதாக்கும்."

மறு ஆய்வு

'இவ்விடத்தில் தொழில் எதுவும் நடைபெறவில்லை' என்று அறிக்கை வந்தது. நான்கு மனு எழுதி, மறு ஆய்வு வாங்கினேன். இந்தத் தடவை எதையும் கழுவக் கூடாது என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். அதற்குள் நோன்பு தொடங்கிவிட்டது. ஹோட்டல்காரர் காத்திருப்பாரா? 'போட்டியாளர்' ஆயிஷாதான் தன் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் பாதி, இவர் பாதி. ஐந்நூறு பத்திரி தினமும் போய்க்கொண்டிருந்தது.

அதிகாரி வந்தபோது வீடெல்லாம் மாவு. ஜமீலாத்தா இரண்டு தடவை தேய்த்துவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், மறுபடி தேய்ப்பார். அதிகாரி அந்தத் துணிக்கட்டைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்: "தொழில் கையாலேயே ஜோரா நடக்குதல்லோ! பின்ன எதுக்கு மெஷின்?"

ஆக, இந்தத் திட்டத்தால் மட்டாஞ்சேரியில் இதுவரை தழைத்த ஒரே சிறுதொழில், நகல் எடுத்து எடுத்துச் சூடாகிக் கிடக்கும் என் ஜெராக்ஸ் மெஷின்தான்.