திரைக்காரர் கடலுக்குப் போன வெள்ளிக்கிழமை

அந்தக் குடியிருப்பில் காவலாளி முதல் மாடிவீட்டு டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவர் திரைக்காரர்தான். பின்னே என்ன, கடலைப் பார்த்த மூன்றாம் மாடி வீட்டை அடம்பிடித்து வாடகைக்கு எடுத்துவிட்டு, கடல் தெரிகிற ஒரே பெரிய ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்ட மகராசன் அவர் ஒருவர்தானே.

வேண்டுமென்றா போட்டார்? நகரத்து மாடிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் வரைபடம் போடுகிற பொறியாளர். வீட்டில் இருந்தபடியே நாள் முழுக்கக் கணினி வேலை. ஜன்னலைத் திறந்தால் வெளிச்சம் கண்ணைக் குத்தும், வரைபடத்தில் ஒரு கோடு தெரியாது. வீடியோ மீட்டிங்கில் முகம் கரிக்கட்டையாகத் தெரியும். ஆகவே அசல் கடலை மூடிவிட்டு, முதுகுக்குப் பின்னால் கணினியிலேயே ஒரு கடல் படத்தை வைத்துக்கொண்டார். இந்த அழகில் வாய்க்கு வாய் "வாழ்க்கைத் தரம்" என்று வேறு பேசுவார். நினைத்தால் அவருக்கே சிரிப்பு வரும்.

இங்கே வந்தே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவர்தான். நல்ல காற்று, நெரிசல் இல்லாத சாலை, நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஐந்தரை ஆனால் மூன்று பேரும் கடற்கரையில் என்று மனைவியிடம் அளந்து தள்ளினார். அவள் பிசியோதெரபிஸ்ட். நகரத்து மருத்துவமனையில் ஒரு வருடம் விடுப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"ஒரு வருஷம் பார்ப்போம். ஒத்து வரலைன்னா நானும் பாப்பாவும் திரும்பிடுவோம். நீங்களும் வாயைத் திறக்காம வந்துடணும்" என்று அப்போதே சொல்லிவிட்டாள்.

அந்த ஒரு வருடம் இந்த வெள்ளிக்கிழமையோடு சரி. வேலைக்குத் திரும்புகிறாளா இல்லையா என்று மாலைக்குள் அவள் மருத்துவமனைக்குப் பதில் எழுத வேண்டும். அவருக்குக் காலையிலிருந்தே என்ன எழுதப் போகிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? வருடம் முழுக்க அவர் கடற்கரைக்குப் போனது நாலே தடவை. அதில் ஒன்று, தொலைந்த சாவியைத் தேடி.

ஐந்து மணி மீட்டிங்கில் மேலாளரம்மா சொன்னார்: "தினமும் இந்தப் படத்தையே பாக்குறோம் சார். நிஜக் கடலைக் கொஞ்சம் காட்டுங்களேன்."

திரையை விலக்கி, மடிக்கணினியை ஜன்னலோரம் திருப்பி வைத்தார்.

"அந்தக் குழந்தை என்னமா நீந்துது பாருங்க" என்றார் மேலாளரம்மா.

"இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான் மேடம்" என்றார் இவர், எல்லாம் தெரிந்தவர் மாதிரி. "எங்க பொண்ணுக்குத் தண்ணின்னாலே நடுக்கம்."

குழந்தை கரையேறியது. காத்திருந்த பெண் ஒரு பெரிய ஆரஞ்சுத் துண்டை விரித்துப் போர்த்தினாள். அவருக்கு முதலில் அடையாளம் தெரிந்தது துண்டுதான். பெண்டாட்டியும் பிள்ளையும் அதற்கப்புறம்தான் தெரிந்தார்கள்.

மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே அரை டிராயர். அந்தக் கோலத்திலேயே படியிறங்கி ஓடினார். "லிஃப்ட் நல்லாத்தானே ஓடுது சார்" என்று காவலாளி சொன்னது காதில் விழவில்லை.

"இவ எப்ப நீந்தக் கத்துக்கிட்டா?" என்றார், மூச்சு வாங்க.

"நாலு மாசம் ஆச்சு. அன்னைக்கே சொன்னேனே. வெரி குட்னு தலையாட்டினீங்க."

"காதுல ஹெட்போன் இருந்திருக்கும்."

"இருந்துச்சு."

அவருக்கு வெட்கமாக இருந்தது. பாப்பா வேறு, யாரோ விருந்தாளி வந்ததுபோல அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மருத்துவமனைக்கு எழுதிட்டியா?" என்று கேட்டேவிட்டார்.

"மத்தியானமே எழுதிட்டேன். வரலைன்னு." அவள் துண்டால் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். "எங்க ரெண்டு பேருக்கும் இந்த இடம் பழகிப்போச்சு. இங்கயேதான் இருக்கப் போறோம்."

அப்பாடா என்று மூச்சு விடப் போனார்.

"நீங்க எப்ப குடி வர்றீங்க?" என்று கேட்டாள்.