லமினேட் செய்த பற்றுச்சீட்டு

கிளிநொச்சியில் நான் பணிபுரியும் நிறுவனத்தில், வரி கணக்கிடுவதற்கு முன்னரே எங்கள் சம்பளத்தின் ஒரு பங்கை மருத்துவ நிதிக்கென ஒதுக்கிவைப்பார்கள். கணவரின் வலக்கண் சத்திரசிகிச்சைக்குச் செலவானதை அதிலிருந்து மீளப் பெற்றால்தான் இடக்கண்ணுக்கு நாள் குறிக்கலாம் என்றிருந்தோம்.

போர்க்கால இடம்பெயர்வில் பத்திரங்களையெல்லாம் இழந்தவள் நான். அதன்பின் முக்கியமான எந்தக் கடதாசி கைக்கு வந்தாலும் உடனே லமினேட் செய்துவிடுவேன். மருத்துவமனையில் பணம் கட்டியதற்கான பற்றுச்சீட்டையும் அப்படியே செய்தேன்.

"இதிலை சீல் குத்தேலாது அக்கா. எடுக்கமாட்டம்" என்றார் நிதிக்குப் பொறுப்பான அலுவலர். விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். வெளியே கறுப்புக் கண்ணாடியோடு கணவர் காத்திருந்தார்.

"எந்த விதியிலை அப்பிடி இருக்கு தம்பி? காட்டுங்கோ."

"விதி எண்டில்லை, வழமை."

"அப்ப, ஏன் மறுக்கிறியள் எண்டு எழுதித் தாங்கோ. நான் இருக்கிறன்." கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.

அவர் விதிக்கோவையை இருமுறை புரட்டினார். "உங்களோடை கதைச்சு வெல்லேலாது" என்று சிரித்தபடி, ஒரு வெள்ளைத்தாளில் சீல் குத்திப் பற்றுச்சீட்டோடு இணைத்தார்.

இப்போது கணவர் இரண்டு கண்களாலும் பத்திரிகை வாசிக்கிறார். இடக்கண்ணுக்கான பற்றுச்சீட்டை லமினேட் செய்யாமல் உள்ளபடியே கையளித்து, அதன் பிரதியை லமினேட் செய்து வைத்தேன். கடதாசிகளைக் காக்கும் பழக்கத்தை மட்டும் எவருக்காகவும் விடுவதாயில்லை.