கொடியேற்றத்துக்கு முதல்நாள் வந்த மீன்

மீன்தொட்டி வீட்டுக்கு வந்த அன்று மச்சச் சட்டிகள் வீட்டைவிட்டுப் போயிருந்தன. மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் சேர்த்து எங்கள் ஊரில் மச்சம் என்றுதான் பெயர். மறுநாள் நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றம். அடுத்த இருபத்தைந்து நாட்களும் மச்சம் இல்லை என்பதால், அம்மா அந்தச் சட்டிகளைச் சாம்பல் போட்டு மினுக்கிப் பின்கொட்டிலில் கவிழ்த்துவிட்டு, வீடு முழுவதையும் மஞ்சள் தண்ணீரால் கழுவி முடித்திருந்தார். நிலம் காய்வதற்குள் அப்பா ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கிடத்திக்கொண்டு வந்து இறங்கினார்.

அப்பா புதுப் பொருள் வாங்கி நான் கண்டதில்லை. எங்கள் பிறிட்ஜ், தையல் மெசின், சோபா எல்லாம் யாரோ வெளிநாட்டுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனவை. எங்கள் ஊரான கோப்பாயில் ஆட்கள் போய்க்கொண்டேயிருந்தார்கள். எங்கள் வீட்டில் சாமான் கூடிக்கொண்டேயிருந்தது. இந்த முறை இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த ஒரு குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டது. தொட்டிக்குத்தான் காசு, அதற்குள் இருந்த மீன் சும்மா. அந்தச் சும்மா மீனை அண்ணை ஒரு பெயின்ற் வாளியில் வைத்து, இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு வந்தார். ஒஸ்கார் என்ற இனமாம். கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள். அண்ணையின் உள்ளங்கையைவிடப் பெரிது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மீனுக்கும் முகம் உண்டு என்பதை அன்றுதான் கண்டேன்.

மாமி வாசலிலேயே மறித்தார். மாமி அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே மகன் சுவிஸில். அகதி வழக்கு ஒருமுறை தோற்று, மேன்முறையீட்டில் இருந்தது. அதுவும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வழக்குக்காக மாமி திருவிழா இருபத்தைந்து நாளும் ஒருநேரச் சோற்றோடு விரதம் இருப்பதாக நேர்ந்திருந்தார். வீட்டுச் சைவத்துக்கு அவர்தான் காவல்.

"தம்பி, விடிஞ்சாக் கொடி. மச்சத்தைத் தூக்கிக்கொண்டு வாறாய்."

"உது மச்சமில்லை அக்கா. சட்டிக்குள்ள போனாத்தான் மச்சம். உது சும்மா தண்ணிக்குள்ள நிக்குது."

"அப்ப உதுக்குச் சாப்பாடு என்ன? புட்டும் சம்பலுமோ?"

அப்பா தொட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டத் தொடங்கினார். மீனுக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று விற்றவர்கள் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அந்தத் தகவலை அவர் வழியிலேயே இறக்கிவிட்டு வந்திருந்தார்.

தொட்டி விறாந்தையில் இருக்கலாம், நிலைப்படி தாண்டக்கூடாது என்று கடைசியில் தீர்ப்பானது.

வேலை மூன்று நாள் எடுத்தது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். பழைய வீட்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது, தண்ணீர் நின்ற மட்டத்தில் கண்ணாடியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு இறுகியிருந்தது. அம்மா தேசிக்காய்ப் பாதிகளின் புளியால் அதைத் தேய்த்துக் கரைத்தார். ஒரு மூலை கசிந்தது. அப்பா பழைய பசையை பிளேட்டால் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாக சிலிக்கன் வைத்து, நனைத்த விரலால் ஒரே இழுவையாக இழுத்துவிட்டார். அது காயும்வரை ஒருவரும் விறாந்தையில் பலமாக நடக்கக்கூடாது என்று உத்தரவு. அண்ணை சல்லிக்கல்லைக் கலங்கல் போகும்வரை கழுவினார். சீமெந்துக் கற்களின்மேல் பலகை, பலகையின்மேல் பழைய ஸ்பொஞ் மெத்தைத் துண்டு, அதன்மேல் தொட்டி. மூன்றாம் நாள் காலையில் காற்றுப் பம்ப் குமிழி விடத் தொடங்க, அப்பா வாளியை மெதுவாகச் சரித்தார். மீன் நேரே அடியில் போய், ஒரு மூலையில் பக்கவாட்டாகச் சாய்ந்து கிடந்தது.

தொட்டியோடு ஒரு சின்னத் தகரப் பேணியும் வந்திருந்தது. உள்ளே மீனுக்கான உருண்டைகள். அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அப்பா பெருமையோடு உரத்து வாசித்தார். முதல் சொல்லே மீன்தூள். வாசித்த பிறகுதான் வாயை மூடினார். பேணி அந்த நிமிடமே பின்கொட்டிலுக்கு, சட்டிகளோடு சேரப் போய்விட்டது.

அம்மா அவித்த பட்டாணி போட்டுப் பார்த்தார். பாண் துண்டு, சோற்றுப் பருக்கை, கீரை எல்லாம் போட்டார். மீன் ஒவ்வொன்றையும் வாய்க்குள் எடுத்து, கொஞ்சம் யோசித்து, வெளியே துப்பியது.

"பொம்பிளை பாக்க வந்த மாப்பிளை வீட்டார் மாதிரியெல்லோ துப்புது" என்றார் அம்மா.

அண்ணையால் அதற்குமேல் அடக்கமுடியவில்லை. "உது றாலும் சின்ன மீனும்தான் தின்னுமாம். அந்த வீட்டுப் பெடியன் அப்பாட்டைச் சொன்னவன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா காற்றுப் பம்பைப் பார்த்தார்.

"இருபத்தைஞ்சு நாளும் பசி கிடக்குமோ அப்பா?" என்று கேட்டேன்.

"கிடக்கும்" என்றார் அப்பா.

"கிடக்காது" என்றார் அண்ணை.

ஆறாம் நாள் மீனின் கறுப்பு வெளிறிச் சாம்பலாகியது. கண்ணாடியில் விரலை வைத்தால் திரும்பிப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. நான் சாமியறையில் போய் நின்று, மீனுக்குக் கீரை பிடிக்கவேண்டும் என்று முருகனிடம் கேட்டேன். மாமி அருகில் கண்மூடி நின்று தன் மகனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மனுக்களும் ஒரே நேரத்தில்தான் போயிருக்கும்.

ஒன்பதாம் நாள் மீன் நிமிர்ந்து நின்றது. பத்தாம் நாள் கறுப்பு திரும்பியது. அதற்கு முதல்நாள் நான் ஒரு வல்லாரை இலை போட்டிருந்தேன். அது காணாமல் போயிருந்தது. வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. எங்கள் மீன் சைவமாகிவிட்டது என்ற செய்தியை அன்று பொழுதுபடுவதற்குள் ஒழுங்கை முழுவதும் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆட்கள் பார்க்க வந்தார்கள். முன்வீட்டு இளைப்பாறிய தபாலதிபர் தொட்டியைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பா வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லும்போது, தானே திட்டமிட்டுச் செய்த காரியம்போலக் கதைத்தார். மாமி நிலைப்படிக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். 

இரண்டு நாள் கழித்து மத்தியானம், எல்லோரும் படுத்திருந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க எழும்பினேன். விறாந்தையில் மாமி இருந்தார். காலடியில் ஒரு வாழையிலைத் துண்டு. அதில் உரித்த இறால் நாலைந்து. ஒன்றை ஈர்க்கு நுனியில் குத்தித் தண்ணீருக்குள் விட்டார். மீன் பாய்ந்து வந்து கவ்வியது. "மெல்ல, மெல்ல. ஒருத்தரும் பறிக்கேல்லை" என்றார் அதனிடம்.

"மாமி! உது மச்சமெல்லோ?"

அவர் திடுக்கிடவில்லை. "ஓம்."

"விரதத்திலை நீங்கள் தொடலாமோ?"

"விரதம் எனக்கு. உதுக்கு ஆர் நேந்தது?" அடுத்த இறாலைக் குத்தினார். "நான் பசி கிடக்கிறது ஏனெண்டு எனக்குத் தெரியும். உதுக்குத் தெரியுமே?"

"அம்மாட்டைச் சொல்லப்போறன்."

"போய்ச் சொல்லு. மேல இருக்கிறவர் பாத்துக்கொண்டெல்லே நிக்கிறார், இனி கொம்மா பாத்தா என்ன."

நான் போகவில்லை. இதில் எனக்கும் ஏதாவது கிடைக்கும் என்று அந்த வயதிலேயே பட்டது. "சொல்லாமலிருந்தா ஐஸ்கிறீம் வாங்கித் தருவீங்களோ?"

மாமி ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொப்பற்றை புத்தி அப்பிடியே" என்று அப்பாவை இழுத்தார். பிறகு சிரித்துவிட்டார். இலையைச் சுருட்டிக் கொண்டுபோய் வாழையடி மண்ணில் தாட்டுவிட்டு, கிணற்றடிக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக அள்ளி ஊற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் நான் ஒழுங்கைப் படலையில் நின்று காவல் பார்த்தேன்.

தேரன்று விடிய நல்லூருக்குப் போனோம். வீதியில் ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, பின்னால் பெண்கள் அடி அழித்துக்கொண்டு போனார்கள். ஓரடி வைத்துக் குனிந்து மண்ணைத் தொட்டு விழுந்து கும்பிட்டு எழும்பி, திரும்பவும் ஓரடி. முந்தின வருடம் மாமி ஒரு சுற்றுச் செய்தார். இந்த வருடம் மூன்று. மூன்றாவது சுற்றில் எழும்ப முடியாமல் ஒரு கையை ஊன்றினார்.

"என்ன மச்சாள், ஒண்டு காணாதே?" என்றார் அம்மா.

"இந்த முறை கூடக் கேக்க இருக்கு" என்றார் மாமி.

முழங்கால் இரண்டிலும் சேலை மண்ணும் ஈரமுமாக ஒட்டியிருக்க, பேசிய ஒப்பந்தப்படியே அவர் என்னை ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப்போனார். தனக்கு வேண்டாம் என்றார். அவர் அம்மாவுக்குப் பயந்துதான் வாங்கித் தருகிறார் என்ற நம்பிக்கையோடு நான் இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

திருவிழா முடிந்தது. சட்டிகள் கொட்டிலிலிருந்து திரும்பின. மீன் எல்லோருக்கும் முன்னால் இறால் தின்னத் தொடங்கியது. ஒழுங்கைக்கு அதை நான் அறிவிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒருநாள் மத்தியானம் சுவிஸிலிருந்து அழைப்பு வந்தது. மாமியின் மகன் அப்பாவோடுதான் கதைத்தார். மேன்முறையீடும் தோற்றுவிட்டது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சட்டத்தரணி சரியில்லை என்றார். பிறகு, வேறு வழி இருக்குமாம் என்றார். அம்மா அடுப்பை அணைத்தார். அண்ணையும் நானும் ஆளையாள் பார்க்காமல் இருந்தோம். சாப்பாட்டு நேரம் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் சோறு போடவில்லை.

விறாந்தையில் மீன் கண்ணாடியில் வாயால் இடிக்கும் சத்தம் கேட்டது. அதன் நேரமும் தப்பிவிட்டது.

மாமி எழும்பிக் குசினிக்குப் போய், இறால் நாலைந்தை ஒரு கோப்பையில் எடுத்து உரித்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் போனேன். ஈர்க்கு நுனியில் முதல் இறாலைக் குத்தினார். அது சரியாக ஏறவில்லை. இரண்டாம் தரம் குத்தித் தண்ணீருக்கு மேலே பிடித்தபடி, கொஞ்சநேரம் அதை உள்ளே விடாமல் நின்றார். மீன் மேலே வந்து காத்திருந்தது.

"உன்னிலை ஒரு பிழையுமில்லை" என்றார் மாமி. "ஒரு பிழையுமில்லை. இந்தா. தின்."

மீன் பிழை ஏதும் செய்யவில்லை என்பது எனக்கும் தெரியும். அதை ஏன் அவர் அதற்கு அவ்வளவு பொறுமையாக, இரண்டு தரம் சொன்னார் என்பதுதான் விளங்கவில்லை.