மேற்கு ஓரத்து மரவள்ளி

கஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் வாழை நின்றது. காய்க்காக அல்ல, இலைக்காக. கல்யாணச் சமையல்காரர் ஒருவர் எங்களிடம்தான் இலை எடுப்பார். மேற்கு ஓரத்தில் மட்டும் இரண்டு வரிசை மரவள்ளி, ஆள் உயரத்துக்கு மேல், நெருக்கமாக.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது விடுதலை, வரப்போகிற ஆண்டு அது. பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். ஆவணி முகூர்த்தங்களோடு விடுதலை விருந்துகளும் சேரும், இலைக்குக் கிராக்கி ஏறும், மரவள்ளியை எடுத்துவிட்டு அங்கேயும் வாழை வைக்கலாம் என்று நானாகவே முடிவு கட்டி அப்பாவிடம் போனேன்.

"ஜப்பான்காரன் போயி எத்தன வருசமாச்சு, இன்னும் மரவள்ளியக் கட்டிக்கிட்டு அழறீங்களேப்பா!"

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும்மா."

ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளி தின்று பிழைத்த பஞ்சத்தை நினைத்துப் பயப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பத்து நாள் நச்சரித்தேன், சரி என்றார். தை மாதம் நானே மரவள்ளியைப் பிடுங்கி, குச்சிகளை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு வாழைக்கன்று வைத்தேன்.

ஆவணியின் முதல் முகூர்த்தம், பண்டார் ஹிலிரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். இலை அறுக்க வேண்டிய அன்று விடியுமுன் மேற்கே கடல் பக்கமிருந்து சுமத்ரா காற்று என்கிற சூறைக்காற்று வந்தது. வெளிச்சம் வந்ததும் ஓடினேன். ஓர் இலைகூட முழுசாக இல்லை. எல்லாம் சீப்புப் பல்லாகக் கிழிந்து தொங்கின. மரவள்ளி எதற்காக மேற்கே நின்றது என்று அப்போதுதான் விளங்கியது.

சமையல்காரர் ஒரு மட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார்.

"சம்பந்தி வீட்டுக்குக் கந்தல்லயாய்யா சோறு போடச் சொல்றே? நான் செமாபோக்குத் தோட்டத்துல எடுத்துக்கிறேன்."

பிறகு அவர் வரவே இல்லை.

அப்பா கத்தியை எடுத்துவந்தார். கிழிந்த இலைகளைக் கையகலம் நறுக்கி, பசார் சந்தையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, விற்ற மலாய்க்கார அம்மாவிடம் கொண்டுபோனோம். பொட்டலம் கட்டக் கிழிசல் போதும். அரை விலைக்கும் கீழே, ஆனால் தினமும் எடுத்துக்கொண்டார். அதில்தான் அடுப்பு எரிந்தது.

மரவள்ளிக் குச்சி கேட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன்.

"நீ வீசுனதத்தான் நட்டு வெச்சிருக்கேன். படிச்ச புள்ளக்கி இப்பத்தான் கண்ணு தெரிஞ்சிச்சா?" என்று அந்த அக்கா சிரித்துக்கொண்டே ஒரு கட்டு வெட்டிக் கொடுத்தார்.

மறுபடியும் இரண்டு வரிசை நட்டேன். அது ஆள் உயரம் வரும்வரை, மேற்கே மேகம் கறுத்தால் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நிற்பார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டை மூடி வைப்பேன்.