கடுகு குடித்த தண்ணீர்

குத்துச்சண்டைக் கூடத்தில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவுதான், அடி வாங்கியவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான். சண்டைதான் அவள் பிழைப்பு. பைபோலார் என்று மருத்துவர் பெயர் சொன்ன நோயும் அவளுக்கு உண்டு. மனம் ஏறினால் தூக்கம் போய்விடும், மூன்று பேர் பயிற்சியை ஒருத்தியே முடித்துவிட்டு மாஸ்டரையே வம்புக்கு இழுப்பாள். இறங்கினால் பல் துலக்குவதே பெரும்பாடு. லித்தியம் மாத்திரை வந்த பிறகுதான் இரண்டும் ஒரு கட்டுக்குள் வந்தன.

அந்த மாத்திரை சாப்பிட்டால் உடம்பில் தண்ணீர் குறையக் கூடாது. வற்றினால் மருந்தே நஞ்சு. ஆனால் இந்தத் தொழிலில் எடை பார்க்கும் நாளுக்கு முன் உடம்பை வற்ற வைக்காதவர் யார்? பிளாஸ்டிக் சட்டை, நீராவி அறை, துப்பித் துப்பியே எடை குறைக்கிற கூத்து. போன வருடம் கடுகு மாத்திரையை நிறுத்திவிட்டு வற்றிப் பார்த்தாள். எடை வரம்புக்குள் வந்தது, புத்தி போனது. நெடுஞ்சாலை நடுவே லாரிகளைச் சண்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை அக்காதான் இழுத்து வந்தாள்.

இப்போது பட்டப் போட்டி. அவள் பிரிவின் வரம்பைவிட எடை கொஞ்சம் கூடுதலாகவே நின்றது. எடை தாண்டினாலும் எதிராளி சம்மதித்தால் சண்டை நடக்கும். ஆனால் ஜெயித்தாலும் பட்டம் கிடையாது.

மாஸ்டர் கையைப் பிசைந்தார். "ரெண்டு நாளைக்கு மாத்திரைய விடும்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"அக்காவுக்குத் தெரியும் மாஸ்டர். திரும்ப அவளை ரோட்டுல ஓட விடமாட்டேன்."

ஆசை இல்லாமலா சொன்னாள்? சிறுமியாக இருந்த நாளிலிருந்து கனவு கண்ட பட்டம் அது. ஆனாலும் எடைமேடையில் ஏறும் முன் அத்தனை பேர் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்துத் தீர்த்தாள். எமகாதகி.

மறுநாள், சம்மதித்து மேடையேறிய பட்டக்காரியைப் புரட்டி எடுத்துவிட்டாள். நடுவர் கடுகின் கையைத்தான் தூக்கினார். பட்டத்துக்கான பெல்ட்டோ வீங்கிய கண்ணோடு நின்ற தோற்றவள் இடுப்பிலேயே இருந்தது.

"தண்ணி குடிக்காம இருந்திருந்தா அது உங்களுக்குத்தானே?" என்றார் ஒரு நிருபர்.

மாஸ்டர் அவசரமாகக் குறுக்கே வந்தார். கடுகு அவரை விலக்கினாள்.

"எனக்கு பைபோலார்ங்க. மாத்திரை சாப்பிடுறேன், தண்ணி குடிச்சே ஆகணும். அடுத்து மேல் எடையில வர்றேன். அங்கயும் ஒரு பட்டம் இருக்குல்ல?"

வருடக்கணக்கில் ஊருக்குப் பயந்து அந்த மாத்திரையை முந்தானையில் மறைத்து எடுத்து வந்த அக்கா, கூட்டத்தின் நடுவே நின்று வாய்விட்டு அழுதாள்.