கென்யாவில் ஜூலை மாதம்

சித்தப்பா மேல் எனக்கு முதல் சந்தேகம் வந்தது அவர் பெட்டியைத் திறந்தபோதுதான். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் பெட்டியில் நான்கு ஸ்வெட்டர்கள் இருந்தன. நான்கும் முழங்கை தேய்ந்தவை. நியூஜெர்சிக் குளிருக்காக வாங்கியிருந்தால் புதிதாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்போது எனக்கு ஒன்பது வயது. நியூஜெர்சியில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு அபார்ட்மெண்டின் இரண்டாவது மாடியில் இருந்தோம். சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி, கோயம்புத்தூரிலிருந்து கென்யாவுக்குப் போய் நைரோபிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். மில்லை மூடிவிட்டார்கள். ஊருக்குத் திரும்புமுன் அண்ணனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஜனவரியில் வந்திருந்தார்.

ஸ்வெட்டரைப் பற்றிக் கேட்டேன். “அங்க ஜூலைலதான் கண்ணு குளிரு. நாள் பூரா மேகம் மூடாக்குப் போட்டுட்டு இருக்கும்,” என்றார். பூமத்திய ரேகை ஓடும் நாட்டில், அதுவும் ஜூலையில், குளிராம். நான் தலையை ஆட்டினேனே தவிர நம்பவில்லை.

அந்த வாரம் பள்ளியில் ஆளுக்கொரு நாட்டின் தட்பவெப்பம் பற்றி ரிப்போர்ட் எழுதச் சொன்னார்கள். நான் கென்யாவை எடுத்தேன். பெண்ணுக்குச் சித்தப்பா மேல் எவ்வளவு பாசம் என்று அம்மா பூரித்துப்போனாள். எனக்கு வேண்டியதெல்லாம் அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது.

தினமும் சாயங்காலம் அவரைப் பேச விட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். மார்ச்சிலிருந்து மே வரை பெரியது, அக்டோபருக்கு மேல் சின்னது. ஜூலையில் குளிர் மட்டும்தான், மழை கிடையாது. பகலும் இரவும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. மலை உச்சியில் பனி. சனிக்கிழமை நூலகத்தில் என்சைக்ளோபீடியாவை விரித்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். எல்லாமே சரி. ஜூலையில் மழை அபூர்வம், மேகமும் குளிரும்தான் என்று அதிலும் இருந்தது. எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. இருந்தாலும், இவ்வளவு சரியாகச் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் பட்டது.

மறுநாள் பக்கத்து பில்டிங் ஆன்ட்டி சாப்பிட வந்திருந்தார். பேச்சு அப்பாவின் அப்பா, எங்கள் தாத்தா பக்கம் திரும்பியது. அவர் இறந்துபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

“கடைசில ரெண்டு பிள்ளைகளும் பக்கத்துல இல்லாம போச்சே,” என்றார் ஆன்ட்டி.

“எனக்கு கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருந்த டைம். வெளிய போனா திரும்ப வர முடியாதுன்னு லாயர் சொல்லிட்டார்,” என்றார் அப்பா.

“நான் டிக்கெட்டே வாங்கிட்டனுங்க,” என்றார் சித்தப்பா. “ஜூலை மாசம். அடைமழை. ரோடே அடிச்சிட்டுப் போயிருச்சு. ஏர்போர்ட் போய்ச் சேர முடியல.”

ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன். “பட் ஜூலை இஸ் டிரை!” என்று கத்தி, அவர் சொல்லி நான் எழுதிய வரியையே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன்.

சித்தப்பா தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பொய் சொன்னால் பொறுக்காத அப்பா இப்போது அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார் என்று காத்திருந்தேன்.

“புக்ல போட்டபடியா மழை பெய்யும்? அந்த வருஷம் பெஞ்சிருக்கும்,” என்றார் அப்பா, என்னைப் பார்த்து. “நோட்டை உள்ள வெச்சிட்டு வந்து சாப்பிடு.”

அழுகையாக வந்தது. அப்பாவுக்குப் பூகோளமே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

சித்தப்பா ஊருக்குக் கிளம்பும் முன் என் ரிப்போர்ட்டுக்கான சார்ட்டில் வரைபடம் ஒட்ட உதவினார். மாதவாரி மழை அட்டவணையில் ஜூலைக் கட்டம் காலியாக இருந்தது. “மழை இல்லைன்னே எழுது கண்ணு. நீ சொன்னதுதான் சரி,” என்றார், நிமிராமல்.

எழுதினேன். ஜெயித்த சந்தோஷத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. சித்தப்பாவின் ஒவ்வொரு வார்த்தையையும் நூலகம் வரை கொண்டுபோய்ச் சரிபார்த்த எனக்கு, அப்பாவிடம் லாயர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று சந்தேகப்படத் தோன்றவில்லை. யாரைக் காப்பாற்ற அப்பா அவ்வளவு அவசரமாக அந்த மழையைப் பெய்ய வைத்தார் என்றும் தோன்றவில்லை.